பல்கலைக்கழகத் தலைவருக்குப் பணிநிறைவுப் பாராட்டு: முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

பல ஆண்டுகள் பல்கலைக்கழகத்தை நடத்தியவர் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழாக் குழுவின் செயலர் என்று உங்கள் பெயரைப் போட்டுச் சுற்றறிக்கை வந்துவிட்டது. இந்தப் பொறுப்பு பெரும்பாலும் இதற்கு முன் இதைச் செய்தே இராத ஒருவரிடம்தான் வந்து சேரும். தலைவர்கள் ஐந்து, பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறுகிறார்கள். சென்ற முறை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அதற்குள் தானும் ஓய்வு பெற்றிருப்பார், கோப்பும் எங்கே என்று தெரியாது.

நிர்வாகத்தின் முதல் பொறுப்பில் இருப்பவரைச் சில நாடுகளில் துணைவேந்தர் என்றும், சில நாடுகளில் தலைவர் என்றும், வேறு சில இடங்களில் ரெக்டர் என்றும் அழைக்கிறார்கள். இங்கே தலைவர் என்றே எழுதுகிறோம். வேலை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

குழு கூடியதும் பேச்சு மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும்தான் போகும். அதைத் தள்ளிவையுங்கள். முதலில் முடிவாக வேண்டியவை இரண்டு: அவர் போன பிறகும் அவர் பெயரில் நிலைத்து நிற்கப்போவது என்ன, அவர் செய்த பணியை எந்தச் சொற்களில் பதிவு செய்யப்போகிறோம். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் விழா எளிமையாக இருந்தாலும் நிறைவாக இருக்கும். இவை அமையாவிட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் கூட்டம் கலைந்ததோடு எல்லாம் முடிந்துபோகும்.

எப்போது தொடங்குவது

ஓய்வு பெறும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு 10 முதல் 12 மாதம் முன்பே தொடங்க வேண்டும். விழாவுக்கு இவ்வளவு காலம் தேவைப்படாது. ஆனால் ஓவியரைக் கொண்டு உருவப்படம் வரைய 6 மாதமாவது ஆகும். அறக்கட்டளை நிதிக்கு விதிமுறை எழுதி, ஆட்சிக்குழு ஒப்புதல் வாங்கி, நன்கொடை திரட்ட 8 மாதம் வேண்டும். ஆட்சிக்குழு ஆண்டுக்கு நான்கு முறைதான் கூடுகிறது என்றால், ஒரு கூட்டத்தில் பொருள் வைக்கத் தவறினால் மூன்று மாதம் போய்விடும். ஆகவே முதல் நாளே பதிவாளர் அலுவலகத்தில் அடுத்த ஓராண்டுக்கான ஆட்சிக்குழு, பேரவைக் கூட்டத் தேதிகளை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற தேதிகளெல்லாம் அந்தத் தேதிகளை ஒட்டியே அமையும்.

மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் ஓவியத்தை விட்டுவிட்டு நல்ல நிழற்படத்துக்கு மாறுங்கள். நிதியை இப்போது அறிவித்து, திரட்டும் வேலையை ஓய்வுக்குப் பிறகு ஓராண்டு வரை நீட்டிக்கலாம். பாராட்டுப் பத்திரத்தை மட்டும் சுருக்காதீர்கள். அதற்கு ஆறு வாரம் கட்டாயம் வேண்டும்.

முதலில் அவரிடமே கேளுங்கள்

எதையும் ரகசியமாக வைத்து வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். பொறுப்பில் உள்ளவரின் நாட்குறிப்பு மாதக்கணக்கில் முன்பே நிறைந்திருக்கும். உடல்நிலை, குடும்பச் சூழல், நம்பிக்கைகள் ஆகியவையும் உண்டு. அவருடைய நேர்முக உதவியாளர் மூலம் அரை மணி நேரம் வாங்குங்கள். இரண்டு பேர் போனால் போதும்.

கேட்க வேண்டியவை: எது வேண்டாம் என்று நினைக்கிறார்? (இதை முதலில் கேட்டால்தான் மற்ற பதில்கள் வெளிப்படையாக வரும்.) எந்தப் பணியைத் தம் முக்கியமான பணியாகக் கருதுகிறார்? அந்தப் பணியில் தோள் கொடுத்தவர்கள் யார்? யார் வராவிட்டால் அவருக்கு மனம் நிறையாது? தம் பெயரில் நிதி அமைந்தால் அது யாருக்குப் பயன்பட வேண்டும்? பெயர், முன்னெழுத்து, பட்டங்கள் எந்த வடிவில் வர வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்வெட்டு வரை அந்தத் தாள்தான் பேசும்.

பெரும்பாலோர் முதல் பதிலாக ‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு கைவிட்டுவிடவும் கூடாது, பணிவுக்காகச் சொல்கிறார் என்று ஒதுக்கித் தள்ளவும் கூடாது. ‘விழா வேண்டாமா, பரிசு வேண்டாமா, பேச்சுகள் வேண்டாமா?’ என்று பிரித்துக் கேளுங்கள். பலருக்கு உறுத்துவது செலவும் புகழ்ச்சியும்தான். ஊழியர்களைத் துறை துறையாகப் போய்ப் பார்த்து விடைபெற வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் இருக்கும்.

குழுவும் பணமும்

ஏழு பேர் போதும்: ஆசிரியர் ஒருவர், அலுவலகப் பணியாளர் ஒருவர், மாணவர் ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர், பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர், நிதிப்பிரிவிலிருந்து ஒருவர், ஒருங்கிணைக்க நீங்கள். ஏழுக்கு மேல் போனால் கூட்டம் கூட்டுவதே தனி வேலையாகிவிடும். அலுவலகப் பணியாளரை விட்டுவிடும் குழுக்கள் ஏராளம். தேர்வுப் பிரிவு, விடுதி, தோட்டம், ஓட்டுநர்கள் என்று தலைவரின் அன்றாடத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான். பத்திரத்துக்கு வேண்டிய செய்திகளில் பாதி அவர்களிடமிருந்துதான் வரும்.

பணத்தில் இரண்டு கணக்குகளைக் கலக்காதீர்கள். விழாச் செலவு நிறுவனத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட தலைப்பிலிருந்து, எழுத்தில் ஒப்புதல் பெற்று, வர வேண்டும். அறக்கட்டளைக்கு வரும் நன்கொடை தனிக் கணக்கில் போக வேண்டும். அதிலிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைக்கூட எடுக்கக் கூடாது. தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்லும் நிலைக்கு ஓய்வு பெற்றவர் பெயரும் இழுக்கப்படும். பரிசுப் பொருளுக்கு மதிப்பு வரம்பு உண்டா என்பதையும் நிறுவன விதியில் பார்த்துவிடுங்கள். பொது நிதியில் இயங்கும் இடங்களில் பெரும்பாலும் உண்டு.

ஊழியர்களிடம் வசூல் செய்வது நுட்பமான விஷயம். பதவியில் இருக்கும் ஒருவருக்காகக் கீழே பணிபுரிபவர்களிடம் பட்டியல் வைத்துத் தொகை எழுத வாங்கினால், கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறாரா, பயந்து கொடுக்கிறாரா என்று தெரியாது. மூடிய உறை அல்லது நேரடி வங்கிச் செலுத்தல், தொகை வெளியிடப்படாது என்ற உறுதி, சம்பளத்தில் பிடித்தம் இல்லை: இந்த மூன்றையும் முதல் சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தத்தில் உள்ள கட்டடக்காரர்கள், பொருள் வழங்குபவர்கள் ஆகியோரிடம் கேட்கவே கூடாது.

இதற்கு முன் ஓய்வு பெற்ற இரண்டு தலைவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்ற கோப்பைத் தேடி எடுங்கள். அவர்களைவிட மிகக் குறைந்தாலும், மிகக் கூடினாலும் பேச்சு வரும். கட்டண உயர்வோ ஆட்குறைப்போ நடந்த ஆண்டு என்றால் விழாவைச் சுருக்கி நிதியைப் பெருக்குங்கள். ஆடம்பரத்தின் பழி அவர் மேல்தான் விழும்.

எந்த மரியாதை?

*மதிப்புறு நிலை.* ஓய்வுக்குப் பிறகும் மதிப்புறு தலைவர் என்ற பட்டத்தைத் தொடர அனுமதிப்பது. இது தானாக வருவது கிடையாது. ஆட்சிக்குழுத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்தில் எந்த நாளிலிருந்து, எவ்வளவு காலத்துக்கு என்பது இருக்க வேண்டும். நூலக அனுமதி, மின்னஞ்சல் முகவரி, அமர ஓர் அறை, வண்டி நிறுத்த இடம் என்று எவையெவை சேரும் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘உரிய வசதிகள்’ என்று எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து அவருடைய மின்னஞ்சலைக் கணினிப் பிரிவு வழக்கம்போல் முடக்கிவிடும். அதை மீட்க அவரே அலைய வேண்டியிருக்கும். நிர்வாக முடிவுகளில் பங்கில்லை என்ற வரியும் தேவை. அடுத்து வருபவருக்கு அது நிம்மதி.

*அறக்கட்டளை நிதி.* எங்கள் கணிப்பில் நெடுங்காலம் நிற்பது இதுதான். முதலைத் தொடாமல், ஆண்டுதோறும் அதில் 4 முதல் 5 சதவீதம் வரை மட்டும் செலவிடுவது நெடுங்கால நிதிகளில் பரவலாக உள்ள வழக்கம். மீதி வருமானம் முதலோடு சேர்ந்து விலைவாசி உயர்வை ஈடுகட்டும். 4 சதவீதம் என்று வைத்தால் கணக்கு எளிது: ஆண்டுக்கு ஒரு மாணவருக்குக் கொடுக்க நினைக்கும் தொகையை 25 ஆல் பெருக்குங்கள். அவ்வளவு முதல் வேண்டும். ஐந்து மாணவருக்கு என்றால் 125 மடங்கு. இந்தப் பெருக்கலைச் செய்யாமல் மேடையில் ‘ஆண்டுக்குப் பத்து மாணவருக்கு’ என்று அறிவித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் முதலைக் கரைக்கத் தொடங்கிய பின் விழிப்பதே இதில் வழக்கமான கோளாறு.

நிதிப் பத்திரத்தில் இரண்டு வரிகளை மறக்காதீர்கள். எதிர்பார்த்த தொகை குறிப்பிட்ட நாளுக்குள் சேராவிட்டால் உதவித்தொகைக்குப் பதிலாகப் பரிசாகவோ நூல்நிதியாகவோ மாற்றலாம் என்பது ஒன்று. நிதி குறிப்பிடும் படிப்பு பிற்காலத்தில் நிறுத்தப்பட்டால் அதற்கு நெருங்கிய நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்பது இன்னொன்று. தேர்வுக் குழுவில் ஓய்வு பெற்றவரோ அவர் குடும்பத்தாரோ இடம்பெறாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

*கட்டடத்துக்குப் பெயர்.* அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் தியோடர் ஹெஸ்பர்க் 1952 முதல் 1987 வரை 35 ஆண்டு தலைவராக இருந்தார். அவர் காலத்தில், 1963இல் திறக்கப்பட்ட நூலகத்துக்கு அவர் ஓய்வு பெற்ற 1987இல்தான் அவர் பெயர் வைக்கப்பட்டது. பதவியில் இருக்கும்போது பெயர் வைப்பதில்லை என்ற ஒழுங்கு பல இடங்களில் விதியாகவே உண்டு. சில இடங்களில் ஓய்வுக்குப் பிறகும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு ஏற்கனவே நன்கொடையாளர் பெயர் உறுதியளிக்கப்பட்டிருக்கிறதா என்று பழைய ஒப்பந்தங்களைப் பார்த்த பிறகே வாயைத் திறங்கள். கட்டடம் இடிக்கப்பட்டால் பெயர் என்னவாகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

*மதிப்புறு முனைவர் பட்டம்.* பணியில் இருக்கும் அலுவலர்களுக்குத் தரக் கூடாது என்ற விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. இருந்தால் அடுத்த பட்டமளிப்பு விழாவுக்குத் தள்ளுங்கள்; விதியைத் தளர்த்திக் கொடுத்த பட்டம் வாங்கியவருக்கே சங்கடம்.

*உருவப்படம்.* எண்ணெய் வண்ண ஓவியம் தொட்டுப் பார்க்கக் காய்ந்ததுபோல இருந்தாலும் உள்ளே உலர மாதங்கள் ஆகும். இறுதி வார்னிஷை 6 முதல் 12 மாதம் கழித்துப் பூசுவதே மரபு. விழாவுக்காக அவசரப்பட்டு முன்னதாகப் பூசினால் பிற்காலத்தில் வெடிப்பும் மங்கலும் வரும். ஆகவே திறப்பு விழாவுக்குத் தற்காலிக மெல்லிய பூச்சோடு வைத்து, ஓராண்டு கழித்து ஓவியர் வந்து இறுதிப் பூச்சு பூசுவார் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, கடைசித் தவணையை அதற்காக நிறுத்தி வையுங்கள். முந்தைய தலைவர்களின் படங்களின் நீளம், அகலம், சட்டத்தின் தடிமன் ஆகியவற்றை அளந்து ஓவியரிடம் கொடுங்கள். வரிசையில் ஒரு படம் மட்டும் கைப்பிடி அளவு பெரிதாக இருந்தாலும் கண்ணில் குத்தும். மாட்டும் சுவரில் நேர் வெயில் படுகிறதா என்று காலையும் மாலையும் போய்ப் பாருங்கள்.

இவற்றில் ஒன்றோ இரண்டோ போதும். ஐந்தையும் செய்தால் எதுவும் மனதில் நிற்காது.

பாராட்டுப் பத்திரம்

குழு மிகக் குறைவாக நேரம் ஒதுக்குவது இதற்குத்தான். விழாவுக்கு நான்கு நாள் முன்பு யாரோ ஒரு பேராசிரியரிடம் ‘ஐயா, நீங்கள் நன்றாக எழுதுவீர்கள்’ என்று சொல்லி ஒப்படைப்பார்கள். அவரும் இருக்கும் நேரத்தில் அடைமொழிகளை அடுக்கித் தருவார். எடுத்துக்காட்டாக இப்படி: ‘தொலைநோக்குப் பார்வையோடு பல்கலைக்கழகத்தை உலகத் தரத்துக்கு உயர்த்திய கல்விச் செம்மல்.’ பெயரை மாற்றினால் இது எந்தத் தலைவருக்கும் பொருந்தும். அதனால்தான் யாருக்கும் பொருந்தவில்லை.

அதே இடத்தில் இப்படி ஒரு வரி வரட்டும்: ‘தேர்வு முடிவுகளுக்கு மாணவர்கள் 90 நாள் காத்திருந்த நிலையை 30 நாளாகக் குறைத்தார், மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் ஓராண்டை இழப்பது அதோடு நின்றது.’ இதில் அடைமொழி ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்பவர்களில் சிலர் தம்மையறியாமல் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அது அவர்கள் வாழ்க்கையில் நடந்தது. ஹெஸ்பர்க்கைப் பற்றி எழுதுபவருக்கும் அவர் எத்தனை பெரிய மனிதர் என்று விவரிப்பதைவிட, 1972இல் நோட்ர டேம் இளநிலைப் படிப்புகளில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது என்ற ஒரு செய்தி போதும்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். முதலில் ஒரு தகவல் தாள் தயாரியுங்கள். அதில் நெடுக்காக நான்கு பத்திகள்: செய்தி, எண் அல்லது ஆண்டு, எந்த ஆவணத்தில் இருக்கிறது, யார் உறுதிப்படுத்தினார். ஆண்டறிக்கைகள், ஆட்சிக்குழு நடவடிக்கைக் குறிப்புகள், வரவுசெலவுத் திட்டங்கள், பணிப்பதிவேடு ஆகிய நான்கையும் அவர் பொறுப்பேற்ற ஆண்டிலிருந்து வரிசையாகப் புரட்டினால் 40, 50 செய்திகள் சேரும். நான்காம் பத்தி காலியாக உள்ள எதையும் பத்திரத்தில் சேர்க்கக் கூடாது.

எண்களில் கவனம் வேண்டும். ‘மாணவர் எண்ணிக்கை இரட்டிப்பானது’ என்று ஆண்டறிக்கை சொல்லும். இடையில் வேறொரு கல்லூரி இணைக்கப்பட்டதா, தொலைநிலைக் கல்வி மாணவர்களைக் கணக்கில் சேர்க்கத் தொடங்கினார்களா என்று பாருங்கள். எண்ணும் முறை மாறியிருந்தால் அந்த ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். அதேபோல, அவர் காலத்தில் திறக்கப்பட்ட கட்டடம் முந்தையவர் காலத்தில் அடிக்கல் நாட்டப்பட்டதாக இருக்கலாம். அப்போது ‘நிறைவு செய்தார்’ என்று எழுதுங்கள், ‘உருவாக்கினார்’ என்று எழுதாதீர்கள். முந்தைய தலைவரே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

பிறகு 50 செய்திகளிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுங்கள். கற்பித்தல் அல்லது ஆய்வு சார்ந்தது ஒன்று, மாணவர் அன்றாடம் சார்ந்தது ஒன்று, பணியாளர் சார்ந்தது ஒன்று, நெருக்கடியில் அவர் எடுத்த முடிவு ஒன்று. இந்த நான்காவதைப் பலர் தவிர்க்கிறார்கள். ஆனால் நெடுநாள் பதவியில் இருந்தவரின் தரம் தெரிவது அங்கேதான். எல்லாரும் ஏற்காத முடிவாக இருந்தால் நியாயப்படுத்த முயலாமல் என்ன செய்தார் என்பதை மட்டும் நிதானமாக எழுதுங்கள்.

பணிக்காலம் மிக நீண்டது என்றால் காலவரிசை உதவாது. ஹார்வர்டில் சார்ல்ஸ் எலியட் 1869 முதல் 1909 வரை 40 ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு. இப்படிப்பட்ட பணியை ஆண்டு ஆண்டாகச் சொன்னால் அது பட்டியலாகிவிடும். ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டும். எலியட் என்றால் மாணவர் தாமே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவர் விரிவாக்கியதைச் சுற்றியே முழுப் பத்திரத்தையும் கட்டலாம்.

நீளம் 250 முதல் 300 சொல். நிதானமாக, நிறுத்தி வாசித்தால் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிய வேண்டும். எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். பிறகு அவரோடு நேரடியாக வேலை பார்த்த இருவரிடம் தனித்தனியே வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் ஆசிரியர், ஒருவர் அலுவலகப் பணியாளர். எந்த இடத்தில் அவர்கள் முகம் மாறுகிறது என்று கவனியுங்கள். ‘அப்படியா நடந்தது?’ என்று கேட்டால் அந்தச் செய்தியை மறுபடி சரிபாருங்கள்.

அச்சும் கல்வெட்டும்

பத்திரம், அழைப்பிதழ், வெண்கலப் பலகை மூன்றிலும் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் யூனிகோடில் தட்டி அனுப்புவீர்கள். அச்சகத்தார் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போதோ, தமிழை ஒழுங்காகக் கையாளாத மென்பொருளில் ஒட்டும்போதோ ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கொ’, ‘போ’ போன்றவை பிளந்துபோகும். சில புள்ளிகள் காணாமல் போகும். ‘பொறுப்பேற்று’, ‘மேன்மை’ போன்ற சொற்களில் இது உடனே தெரியும். எழுத்துரு பதித்த பிடிஎஃப் கோப்பாக அனுப்பி, ‘இதிலிருந்து அப்படியே, மறுபடி தட்டச்சு செய்யாமல்’ என்று எழுதிக் கேளுங்கள். வந்த மெய்ப்பை (திருத்தம் பார்க்க அச்சகம் தரும் மாதிரிப் படியை) உங்கள் மூலத்தோடு ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். திரையில் பார்த்தால் போதாது, தாளில் எடுங்கள்.

வெண்கலப் பலகையை வார்த்த பிறகு திருத்த முடியாது, புதிதாகத்தான் வார்க்க வேண்டும். ஆகவே இறுதி மெய்ப்பில் இரண்டு பேர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகே வேலை தொடங்கட்டும். அவர் கையால் எழுதித் தந்த பெயர்த் தாளை இங்கே எடுத்து ஒப்பிடுங்கள். ஒற்று மிகுமா மிகாதா என்ற ஐயங்களைத் தமிழ்த்துறையில் ஒருவரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

விழா மலர் போடுவதாக இருந்தால், நடுவில் கம்பி தைக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். கட்டுரை தருவதாகச் சொன்னவர்களில் பலர் கடைசி வாரம் வரை தரமாட்டார்கள். நீங்கள் அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளைவிட மூன்று வாரம் முந்தைய தேதியைச் சொல்லுங்கள். பழைய நிழற்படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி வந்து அச்சில் மங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மூலப்படத்தை வாங்கி அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் நீங்களே வருடி எடுங்கள். படத்தில் உள்ள எல்லார் பெயரும் தெரிந்தால் மட்டும் பெயர் போடுங்கள். ஐந்து பேரில் நால்வர் பெயரை மட்டும் போட்டால் விடுபட்டவருக்கு அந்தக் காயம் ஆறாது.

விழா நாள்

மொத்தம் 90 நிமிடம். வரவேற்புரை 3, படத்தொகுப்பு 6, ஐந்து பேருக்கு ஐந்தைந்து நிமிடமாக 25, பாராட்டுப் பத்திரம் வாசிப்பு 4, வழங்கல் 3, உருவப்படத் திறப்பு 5, அறக்கட்டளை அறிவிப்பு 4, ஏற்புரை 15, நன்றியுரை 3. கூட்டினால் 68 வரும். மீதி 22 நிமிடம் மேடை ஏறி இறங்கவும், கைத்தட்டலுக்கும், நேரம் மீறுபவர்களுக்கும் போய்விடும். இதை நிரப்ப ஆறாவது பேச்சாளரைச் சேர்த்தீர்களானால், கடைசியில் வெட்டுப்படுவது ஏற்புரையாகத்தான் இருக்கும். எல்லாரும் கேட்க வந்ததே அதைத்தான்.

பேச்சாளர் ஒவ்வொருவரிடமும் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தனித்தனியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஐவரும் அவருடைய வாழ்க்கைக் குறிப்பையே சொல்வார்கள். ஒருவர் ஆய்வுப் பணி, ஒருவர் மாணவர் நலன், ஒருவர் அலுவலக நிர்வாகம், ஒருவர் வெளியுலகத் தொடர்பு, ஒருவர் உடன்பணி நட்பு. வராதவர்களின் வாழ்த்துச் செய்திகளை மேடையில் வாசிக்காமல் ஒரு கோப்பில் தொகுத்து அவர் கையில் கொடுங்கள். வாசிக்கத் தொடங்கினால் யாருடையதை விடுவது என்ற சிக்கல் வரும்.

சின்ன விஷயங்கள் சில. பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டால் கேமரா வெளிச்சம் பட்டுப் படங்களில் வெள்ளையாகத் தெரியும். பளபளப்பற்ற கண்ணாடியைக் கேளுங்கள். உருவப்படத்தை மூடும் துணி மெல்லியதாக, எதிலும் மாட்டாமல் இருக்க வேண்டும். முந்தைய நாள் ஐந்து முறை இழுத்துப் பாருங்கள். புதிய ஓவியம் என்றால் துணி வண்ணத்தில் உரசாதபடி சட்டத்துக்கு முன்னால் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். மேடைக்குப் படிக்கட்டு மட்டும் இருந்தால் சாய்தளம் போடுங்கள். அவருடைய ஆசிரியர்கள், மூத்த உறவினர்கள் வருவார்கள். பாராட்டப்படுபவரைக் கூட்டத்தை நேராகப் பார்க்கும்படி உட்காரவைத்தால் 90 நிமிடம் முகத்தை எங்கே வைப்பது என்று தவிப்பார். நாற்காலியைப் பேச்சாளர் பக்கம் சற்றுத் திருப்பிப் போடுங்கள். கையெட்டும் இடத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

அடுத்த தலைவர் அறிவிக்கப்பட்டிருந்தால் அவரை அழைப்பது முறை. இரண்டு நிமிடம் பேசட்டும். ஆனால் அவருடைய பதவியேற்பையும் இதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். ஒரே நாளில் நடந்தால் கூட்டத்தின் கண் புதியவர் மேலேயே இருக்கும்.

விழா நடக்கும் நேரத்தில் காவல், விடுதிச் சமையல், மின் பராமரிப்பு ஆகிய பணிகளில் இருப்பவர்களால் வர முடியாது. அவர்களுக்காக அந்த வாரத்திலேயே ஒரு காலை வேளை, தலைவர் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு நடந்துபோய்ப் பார்த்து வர ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு மணி நேரம், நிழற்படக்காரர் ஒருவர், பேச்சு எதுவும் வேண்டாம். இரவுப் பணியாளர்கள் வீடு திரும்பும் முன் தொடங்குங்கள்.

அவர் நினைவில் இருப்பதைப் பதிவு செய்தல்

ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் கோப்பில் இருக்காது. அதை அவர் குரலிலேயே வாங்கி வைப்பது பல்கலைக்கழக வரலாற்றுக்கும் அவருக்கும் செய்யும் பெரிய மரியாதை. ஓய்வுக்கு முன் இரண்டு மாதத்தில் மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடத்துக்கு மேல் போகாமல். கேள்வி கேட்பவர் தகவல் தாளைப் படித்திருக்க வேண்டும். ‘உங்கள் சாதனைகள் என்ன?’ என்று கேட்டால் ஆண்டறிக்கை பதிலாக வரும். ‘அந்தத் துறையை மூடுவது பற்றிய கூட்டத்துக்கு முந்தைய வாரம் யாரிடமெல்லாம் பேசினீர்கள்?’ என்று கேட்டால் நடந்தது வரும்.

மின்விசிறி, குளிர்சாதனம், ஜன்னலோரச் சாலை இரைச்சல் மூன்றும் பதிவைக் கெடுக்கும். அறையில் முதலில் ஐந்து நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். மூலப்பதிவைச் சுருக்கப்படாத டபிள்யூஏவி கோப்பாக மூன்று இடங்களில் வையுங்கள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். யார் கேட்கலாம், எந்தப் பகுதியை எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும் என்ற ஒப்புதல் படிவத்தில் கடைசி அமர்வு முடிந்த உடனே கையெழுத்து வாங்குங்கள். தள்ளிப்போட்டால் பதிவு இருந்தும் பயன்படுத்த முடியாமல் போகும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கிச் சரிபார்க்கப் பயிற்சி உள்ளவருக்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதற்கு ஆளும் தொகையும் ஒதுக்குங்கள்.

அவருடைய அறையில் உள்ள தாள்களைப் பிரிக்கும்போது அலுவலகக் கோப்புகள் பல்கலைக்கழகத்துக்குரியவை, கடிதங்களும் நாட்குறிப்புகளும் அவருடையவை. கடைசி நாளில் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டால் இரண்டும் கலந்துபோகும். ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு மாதம் முன்பே அவரோடு உட்கார்ந்து பிரிக்கட்டும்.

விழாவுக்குப் பின் முப்பது நாள்

நிழற்படங்கள், காணொளி, பேச்சுகளின் எழுத்து வடிவம், வாழ்த்துக் கோப்பு எல்லாம் பத்து நாளில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மேடையில் உழைத்தவர்களுக்கும் நன்கொடை தந்தவர்களுக்கும் பெயர் சொல்லி நன்றிக் கடிதம். விழாக் கணக்கை 30 நாளுக்குள் முடித்து நிதிப்பிரிவில் ஒப்படையுங்கள். உருவப்படம் மாட்டப்பட்டதா, மதிப்புறு நிலைக்கான அடையாள அட்டை கைக்கு வந்ததா, மின்னஞ்சல் வேலை செய்கிறதா என்று நேரில் பாருங்கள். அறக்கட்டளையின் முதல் உதவித்தொகை வழங்கப்பட்டதும், அதைப் பெற்ற மாணவர் அவருக்கு ஒரு கடிதம் எழுதும் வழக்கத்தை நிதிப் பத்திரத்திலேயே சேர்த்திருந்தால் ஆண்டுதோறும் யாரும் நினைவூட்டாமல் அது நடக்கும்.

கடைசியாக ஒரு கோப்பு. கால அட்டவணை, தலைப்பு வாரியாகச் செலவு, ஒப்பந்தங்கள், தீர்மான எண்கள், படச்சட்டத்தின் அளவுகள், ஓவியர் இறுதிப் பூச்சுக்கு வர வேண்டிய மாதம், எது தாமதமானது, ஏன் என்ற இரண்டு பக்கக் குறிப்பு. ஒரு பிரதி பதிவாளர் அலுவலகத்துக்கு, ஒன்று ஆவணக் காப்பகத்துக்கு.